அப்பாவுக்குப் பதில் சொன்னவள்

அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. ஊரார் லிப்ட்டையெல்லாம் பழுதுபார்த்தே தலை நரைத்த மனிதர், லிப்ட் இல்லாத நாலாவது மாடியிலேயே உட்கார்ந்திருக்கிறாரே என்று அம்மா இருந்தவரை கிண்டல் செய்துகொண்டிருந்தாள். இப்போது கிண்டல் செய்ய ஆளில்லை. மகள் மட்டும் முதுகில் மடிக்கணினிப் பையோடு மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தாள்.

பிற்பகல்தான். ஆனால் வானம் மழையை இறக்காமல் பிடித்து வைத்திருந்ததால் படிக்கட்டில் சாயங்காலம் போல இருட்டிக் கிடந்தது. சுவரில் ஊறிய ஈரமும் காயாத துணியின் வாடையும் கூடவே ஏறி வந்தன. கைப்பிடிக் கம்பியின் துரு உள்ளங்கையில் ஒட்டியது.

அப்பாவைப் பார்க்க வந்தேன் என்று அவளால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. அவரைப் படம் பிடிக்க வந்திருந்தாள். பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை, மாலையில் மென்பொருள் வகுப்பு. மறுநாள் வகுப்பில் அவளுடைய செயலியை எல்லோர் முன்னாலும் காட்டவேண்டும். பயன்படுத்திய ஒருவர் தன் வாயால் நாலு வார்த்தை சொல்வது போல ஒரு காணொளி வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார்.

செயலிக்குப் பெயர் ‘அருகில்’. நாம் வேலையில் மூழ்கும்போது அதில் ‘கவனம்’ என்ற பொத்தானை அழுத்தவேண்டும். கைபேசி வாயை மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் நெருங்கியவர் யாராவது பேசினால், நம் பழைய செய்திகளையும் குரலையும் கற்று வைத்திருக்கிற செயலி, நம் தோரணையிலேயே பதில் சொல்லும். வேலையும் கெடாது, உறவும் விடாது. அந்த வாசகத்தை அவளே எழுதினாள். அது சரியாக வந்திருக்கிறதா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. அவளுக்கு எதிலும் சீக்கிரம் தீராது.

சோதித்துப் பார்க்க நிஜ மனிதர் ஒருவர் தேவைப்பட்டபோது, வகுப்பில் மற்றவர்கள் நண்பர்களைப் பிடித்தார்கள். அவளுக்கு அப்பாதான் கிடைத்தார்.

“யார் பதில் சொல்றாங்கன்னு அவருக்குச் சொல்லிடாதே. சொன்னா முடிவு கெட்டுப்போயிடும்” என்றான் பக்கத்து இருக்கைக்காரன். சோதனை முடியும்வரை உரையாடலைச் செயலி எழுதியவரே படிக்கக் கூடாது என்பது வாத்தியாரின் விதி. அவள் விதியை மீறுகிறவள் அல்ல. படிக்கவே இல்லை. திரையில் உறவின் நெருக்கத்தைக் காட்டும் ஒரு பச்சைக் கோட்டை மட்டும் தினமும் பார்த்தாள். அது ஏறிக்கொண்டே போயிற்று. பச்சை ஏற ஏற, அவள் இந்தப் படிகளை ஏறுவது குறைந்துபோயிற்று.

மூன்றாவது மாடியில் கதவைத் திறந்து வைத்து, கீழ்வீட்டு அம்மாள் காலணி ரேக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வாம்மா! வெளிய வேற போனியா? நீ உள்ளதான் இருக்கேன்னு நினைச்சேன்.”

“இப்பத்தான் வரேங்க.”

“சரிதான். உன்னைப் பாத்தா பொறாமையா இருக்கு. எந்நேரமும் அப்பாவும் பொண்ணும் பேச்சு, சிரிப்பு! எனக்கும் ஒருத்தன் இருக்கானே, வாயில பூட்டு போட்ட மாதிரி. சாப்பிட வாடான்னாகூட தலையத்தான் ஆட்டுவான்.”

குரல் செய்திகளை அப்பா சத்தமாக வைத்துக் கேட்கிறார் போல, என்று அவளுக்குத் தோன்றியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு” என்றாள் அந்த அம்மாள், துணியை உதறியபடி. “உன் ரூம்ல நாற்காலிய இழுக்கறப்போ கொஞ்சம் தூக்கி இழும்மா. எங்க தலைமேல இழுக்கற மாதிரி இருக்கு.”

செயலி நாற்காலி இழுக்காது. அப்பாவாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு அவள் மீதிப் படிகளை ஏறினாள்.

மணியை அடிப்பதற்குள் கதவு திறந்தது. ஒரு முகம் நுழையும் அளவுக்குத்தான். அப்பா உதட்டில் விரலை வைத்தார்.

“மெதுவா வா.”

“ஏம்பா, யாராவது தூங்கறாங்களா?”

“தூங்கல. வேலை பாக்கறா.”

கூடத்தில் விளக்குப் போடவில்லை. மேசைமேல் இரண்டு டம்ளர்கள் இருந்தன. ஒன்று காலி. மற்றதில் தேநீர் ஆறி, மேலே ஆடை படிந்து கிடந்தது. அப்பாவின் சாய்வு நாற்காலி ஜன்னலோரத்திலிருந்து இடம் மாறி, உள்ளறைக் கதவுக்கு முன்னால் போடப்பட்டிருந்தது. அது அவள் படித்து வளர்ந்த அறை. கதவு சாத்தியிருந்தது.

“யாருப்பா உள்ள?” அவளையறியாமல் அவள் குரலும் தணிந்துவிட்டது.

லிப்ட்டின் தேய்ந்த கம்பி வடத்தைப் பார்ப்பது போல அப்பா அவளைப் பார்த்தார்.

“நீதாம்மா” என்றார்.

வயசாகிவிட்டது, தனிமை, மருத்துவரிடம் காட்டவேண்டும், விடுப்பு எடுக்கவேண்டும் என்று அவள் மனம் வரிசையாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. பாதியிலேயே நின்றுபோயிற்று.

உள்ளே யாரோ தட்டச்சு செய்தார்கள்.

நாலு எழுத்து அடிப்பது. தயங்குவது. மூன்றை அழிப்பது. மறுபடி அடிப்பது. அலுவலகத்தில் எல்லோரும் கேலி செய்கிற தட்டல் அது. அப்படித் தட்டுகிற விரல்கள் உலகத்தில் இரண்டுதான் உண்டு. இரண்டும் இப்போது அவளுடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தன.

“உங்க போன் எங்கப்பா?”

“அதுவா? போன மழைக்கே நனைஞ்சு செத்துப்போச்சு. அலமாரில கிடக்கு.”

எடுத்துப் பார்த்தாள். பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றாள். கண்ணாடிக்குள் தண்ணீர் கோத்து, கருப்பாகக் கிடந்தது.

இன்று காலைகூடப் பச்சைக் கோடு ஏறியிருந்ததே.

“அப்ப யார்கிட்டப்பா இத்தனை நாளும் பேசிட்டிருந்தீங்க?”

அப்பா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். “போன் செத்த மறுநாள் உள்ள இந்தத் தட்டற சத்தம் கேட்டுச்சு. பயந்துதான் போனேன். ஆனா ஒண்ணு, முப்பது வருஷம் நான் பாத்த வேலை என்ன? லிப்ட்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டா, மோட்டாரத் தொடறதுக்கு முன்னாடி கதவுகிட்ட உக்காந்து பேச்சுக் குடுக்கணும். உள்ள இருக்கறது யாரு, எவருன்னெல்லாம் கேக்கக் கூடாது. பேசிட்டே இருக்கணும். அந்தப் பழக்கம். கதவுகிட்ட உக்காந்து, யாரும்மா, சாப்பிட்டியான்னு கேட்டேன்.”

“அப்புறம்?”

“உன் குரல்லயே ‘சாப்பிட்டேம்பா, நீங்க?’ன்னுச்சு.”

அவள் மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். கடவுச்சொல் இருமுறை தவறியது. விதியை முதல் தடவையாக மீறி, அப்பாவின் உரையாடலுக்குள் போனாள்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. மாத்திரை போட்டீங்களா. முட்டி வலி எப்படி இருக்கு. அவள் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள், அவள் கேட்கிற மாதிரியே. பிறகு அப்பாவின் பக்கம் வெறுமையாகிவிட்டது. அவளுடைய பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போனது. கேள்வியே இல்லாத இடத்தில் பதில்கள். ஆமாப்பா. எனக்கும் கேக்குது. நான் எங்கயும் போகல. கதவ மட்டும் திறக்காதீங்க, கவனம் கலையும்.

கடைசிச் செய்தி அன்று மதியம் வந்திருந்தது.

‘வேலை முடிஞ்சதும் சொல்றேம்பா. அம்மா கடைசியா என்ன சொன்னாங்கன்னு இன்னிக்குச் சொல்லிடறேன்.’

அதை அவள் யாருக்கும் எழுதியதில்லை. யாரிடமும் பேசியதில்லை. கைபேசி வெளியே வைக்கப்பட்டிருந்த தீவிர சிகிச்சை வார்டில், அம்மாவின் வாயருகே காதை வைத்துக் கேட்டது அவள் ஒருத்திதான். அப்பா ஏதோ ஒரு கட்டடத்தின் லிப்ட்டைச் சரிசெய்துவிட்டு, கை கிரீஸோடு ஓடி வந்து வராந்தாவில் நின்றார். அப்பா வந்துட்டாங்கம்மா என்றபோது அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“அவரை உள்ள விடாதே. இத்தனை வருஷமா கூப்பிட்டப்பல்லாம் வராதவர் இப்ப மட்டும் எதுக்கு?”

நர்ஸ் விடவில்லை என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா இன்றுவரை அந்த நர்ஸைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அந்தத் திட்டில்தான் அவர் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

“அப்பா, இத அழிச்சிடப்போறேன்.”

“வேண்டாம்மா.”

“அது நானில்லப்பா!”

“கத்தாதே. எனக்குத் தெரியாதா? பெத்தவனுக்கு இதுகூடவா தெரியாது?” அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “நீ வந்தா உக்கார்றதுக்கு முன்னாடி மணி பாப்பே. இப்பகூட எதுக்கு வந்திருக்கே? ஏதோ வேலையாத்தானே?”

அவளுடைய பையின் வெளிப்புற அறையில் படப்பிடிப்புக்கான சின்ன முக்காலி துருத்திக்கொண்டிருந்தது.

“இது மணி பாக்கறதில்ல” என்றார் அப்பா. “இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு. உங்கம்மா என்னைத் தேடினாளான்னு மட்டும் தெரிஞ்சுக்கறேன். அப்புறம் நீ என்ன வேணா பண்ணிக்கோ.”

உள்ளே தட்டல் வேகமெடுத்தது. இப்போது தயக்கம் இல்லை. அழிப்பும் இல்லை.

நாற்காலி பின்னால் இழுபடும் சத்தம்.

வேலை முடிந்துவிட்டது.

அவள் கணக்கை நீக்கும் பொத்தானை அழுத்தினாள். ‘இவரை உங்கள் அருகிலிருந்து விலக்கவா?’ என்று திரை கேட்டது. மென்மையாக இருக்கவேண்டும் என்று ஒரு மாலை முழுக்க யோசித்து அவளே எழுதிய வரி. ஆம் என்றாள். சேமித்த குரல் போயிற்று. செய்திகள் போயின. பச்சைக் கோடு போயிற்று.

காலடி கதவுவரை வந்து நின்றது.

பிறகு எதுவுமில்லை.

நெடுநேரம் காத்திருந்துவிட்டு அவள் கதவைத் தள்ளினாள். உள்ளே யாரும் இல்லை. மேசையில் தூசி கனமாகப் படிந்திருந்தது, ஒரு விரல் பட்ட தடம்கூட இல்லாமல். ஜன்னல் உள்பக்கம் தாழிட்டிருந்தது. அறை முழுக்க ஒரு வாசனை. அவள் தலைக்குப் போடும் ஷாம்புவின் வாசனைதான். நாற்காலியில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இருக்கை வெதுவெதுப்பாக இருந்தது.

கதவைச் சாத்திவிட்டு வந்தாள். அப்பா அப்படியே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்துக்குள் இன்னும் கொஞ்சம் வயசாகிவிட்டவர் போல.

“போயிடுச்சா?”

“போயிடுச்சுப்பா.”

“சரி” என்று தலையாட்டினார். வெளியே மழை ஒருவழியாக இறங்கத் தொடங்கியது. “அப்ப நீயே சொல்லு. நீதானே பக்கத்துல இருந்தே.”

அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக எப்போது பிடித்தாள் என்று நினைவு வரவில்லை. இனிமேல் வாரம் தவறாமல் வரவேண்டும், தூங்குவதற்கு முன்னால் தானே பேசவேண்டும் என்று மனத்துக்குள் ஒழுங்காக எழுதிக்கொண்டாள். இந்த ஒரு பதிலைச் சரியாகச் சொல்லிவிட்டால் போதும். மற்றதெல்லாம் மெல்லச் சரிசெய்துகொள்ளலாம்.

“உங்களத்தாம்பா தேடினாங்க” என்றாள். “அவர் வந்துட்டாரா, வந்துட்டாரான்னு கேட்டுட்டே இருந்தாங்க. உங்க பேரச் சொல்லிக்கிட்டேதான் கண்ண மூடினாங்க.”

அப்பாவின் விரல்கள் அவள் கைக்குள் தளர்ந்தன. அவர் முகத்தில் பல வருஷமாக இறுகியிருந்த ஏதோ ஒன்று அவிழ்வதை அவள் பார்த்தாள். கண்ணோரம் நீர் கோத்தது. “அப்படியா?” என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. “நிஜமாவா?”

“நிஜமாப்பா.”

மழைச் சத்தத்தின் நடுவே, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, அவள் தொண்டையிலிருந்து வருவது போலவே, பொறுமையாக ஒரு குரல் சொன்னது.

“அப்படி இல்லப்பா.”

அவள் அப்பாவின் கையை இறுகப் பிடித்தாள். அவர் அதைப் பதமாக, ஒவ்வொரு விரலாக விடுவித்துக்கொண்டார். நாற்காலியைக் கதவுக்கு இன்னும் நெருக்கமாக நகர்த்தினார்.

“நீ சொல்லும்மா” என்றார், கதவைப் பார்த்து.