பாலேந்திராவின் குவளை

காலை 10.20. டென்மார்க்கின் எஸ்பியர்க் துறைமுகத்துப் பின்தெருவில் இருக்கும் பென்டேயின் பாரில், பதினான்காம் கொக்கி வெறுமையாக இருந்தது.

அதில் தொங்கிய பியர்க் குவளை பாலேந்திராவுடையது. மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்த மனிதர். போன புதன்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். இன்றும் புதன். மாலை ஐந்து மணிக்கு நண்பர்கள் அந்தக் குவளையை மேசையில் வைத்து அவர் நினைவாகக் குடிப்பதாக ஏற்பாடு.

குவளை களவு போனதற்கெல்லாம் பொலிஸ் வராது. பாலேந்திராவோடு குடிக்கும் ஸ்ரான்லி, பழி தன்மேல் என்று கைபேசியில் அழாத குறையாகக் கதைத்ததால்தான், அன்று லீவில் நின்ற பொலிஸ்காரி சாரங்கி சப்பாத்தை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

11.05. வெளியே பெப்ரவரிப் பனி கரைந்து தெருவெல்லாம் சேறு. உள்ளே பென்டே முகத்தை இறுக்கி வைத்திருந்தாள்.

"எத்தனை மணிக்குத் திறந்தாய்?"

"பத்துக்கு. அதற்கு முன் நிலத்தைத் துடைத்தேன். பீப்பாய் மாற்றக் கீழே போனேன். பத்து நிமிடம். ஏறி வந்தபோது இந்த ஸ்ரான்லி ஸ்டூலில் இருந்தான், குவளை இல்லை."

"வேறு யாரும் வரவில்லையா?"

"நிலத்தைப் பார். ஒரு ஆளின் சேற்றுத் தடம்தான் இருக்கிறது. இவனுடையது. ஐந்து மணிக்கு முன் குவளை வராவிட்டால் இவன் இனி இங்கே வரவேண்டாம்."

ஸ்ரான்லி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். மனைவி செலீனா இறந்தபின் அவருக்கு மிஞ்சியது அந்த ஸ்டூல் ஒன்றுதான்.

"தங்கச்சி, செத்தவன்ர சாமானை நான் எடுப்பனோ? இருபது வருசம் பக்கத்தில இருந்து குடிச்சனான்."

"கொக்கிப் பக்கம் போனனீங்களோ, அண்ணை?"

"இல்லை. நேர வந்து இருந்தனான். நிமிந்து பாத்தா ஆளின்ர குவளை இல்லை. நான்தான் பென்டேக்குச் சொன்னனான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சாரங்கி குனிந்து பார்த்தாள். ஸ்ரான்லியின் தடம் வாசலிலிருந்து ஸ்டூலோடு நின்றுவிட்டது. கொக்கிகள் இருந்த சுவருக்குப் போகும் பலகைத் தரை துப்புரவாக இருந்தது. ஆனால் கதவோரத்து இறப்பர் விரிப்பின் மூலையில், சுவரோடு ஒட்டி, இரண்டு சின்னச் சேற்று அடையாளங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மற்றவர் காலில் தட்டுப்படாமல் யாரோ ஒழுங்காக ஒதுக்கி வைத்ததுபோல.

சுவரில் இருபது கொக்கிகள், மீதிப் பத்தொன்பது குவளைகள். எல்லாம் ஒரே வெள்ளை. ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த குறியை நிற மையால் கீறியிருந்தார்கள்.

"பாலாவின் குவளையில் என்ன குறி?"

"ஒரு கிளாசும் ஒரு கைத்தடியும்," என்ற பென்டே, விரலால் மேசையில் கீறிக் காட்டினாள்.

கிளாசுமில்லை, கைத்தடியுமில்லை. அது 'பா'.

கொக்கிகளுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஊருக்குப் புதிதாக வருபவர்களுக்காகப் பாலேந்திரா டெனிஷில் எழுதிய பட்டியல். "எஸ்பியர்க்கில் போகவேண்டிய ஆறு இடங்கள்." அவர் கையெழுத்துத்தான்.

துறைமுக மீன்கடை: தட்டைமீன் பொரியல் கேள். எலுமிச்சை வேண்டாம் என்று சொல்.

சதுக்கத்துச் சொசேச் வண்டி: நின்றுகொண்டு சாப்பிடு. இருந்தால் ருசி போய்விடும்.

இப்படி ஐந்து. ஆறாவது: பென்டேயின் பார். சும்மா இருக்கலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

"திங்கட்கிழமை தகனத்துக்கு வந்த எல்லோருக்கும் இதில் ஒரு பிரதி கொடுத்தேன்," என்றாள் பென்டே. அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவன் போய் ஏழு நாள்தான் ஆகிறது."

சாரங்கி விரல் மடித்து எண்ணினாள். புதன், வியாழன், வெள்ளி. எண்ணி முடித்தபோது எட்டு விரல் மடிந்திருந்தது.

11.40. துறைமுக மீன்கடை. சாரங்கி பென்டேயிடம் வாங்கிய பிரதியை நீட்டினாள்.

"இந்தத் தாளோடு இன்று வந்த இரண்டாவது ஆள் நீ," என்றான் கடைக்காரன். "முதல் வந்தவளும் எலுமிச்சை வேண்டாம் என்றாள்."

12.10. மூன்றாம் மாடி. கதவைத் திறந்தவள் மனோரஞ்சிதம், பாலேந்திராவின் மனைவி. தோய்ந்த தலைமயிரை முடியாமல் விட்டிருந்தாள். சாரங்கி சப்பாத்தைக் கழற்றிச் சுவரோடு வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு சோடிச் சப்பாத்து, சேறு காயாமல்.

"குவளை உங்களிட்டத்தான் இருக்கு, என்ன அக்கா?"

மனோரஞ்சிதம் மறுக்கவில்லை.

"எப்பிடிப் பிள்ளை கண்டுபிடிச்சனீர்?"

"இருபது குவளையில சரியானதை எடுக்கத் தமிழ் வாசிக்கத் தெரியவேணும். ஸ்ரான்லி அண்ணைக்கும் தெரியும். ஆனா அவர் சப்பாத்தோட நடக்கிறவர். பாருக்குள்ள சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் போறவர் ஒருநாளும் பாருக்குப் போகாத ஆளாத்தான் இருக்கவேணும். பென்டே ஏழு நாள் எண்டு சொன்னவ. நாங்கள் செத்த நாளையும் சேத்தெல்லோ எண்ணுறது. இண்டைக்கு எட்டு."

எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமான சாப்பாடு எல்லாம் படைப்பார்கள். மீன், இறைச்சி, குடிக்கிறவர் என்றால் குடியும்.

உள்ளறையில் பாலேந்திராவின் படம். முன்னால் வாழையிலை. தட்டைமீன், சொசேச், பட்டியலில் இருந்த ஐந்து கடைச் சாப்பாடும் ஒழுங்காக இருந்தன. மனோரஞ்சிதம் சமைத்தது ஒன்றுகூட இல்லை. நடுவில் 'பா' போட்ட குவளை. அது வெறுமையாக இருந்தது.

"புதனும் வெள்ளியும் ஓவர்டைம் எண்டுதான் சொல்லுறவர்," என்றாள் அவள். "குடிக்கமாட்டார் எண்டு கோயிலெல்லாம் சொல்லித் திரிஞ்சனான். நான் முப்பத்தைஞ்சு வருசம் சமைச்சுப் போட்டன், பிள்ளை. அவருக்கு என்ன விருப்பம் எண்டு அந்த வெள்ளைக்காரி தந்த தாளைப் பாத்துத்தான் அறிஞ்சனான்."

"கேட்டிருந்தா பென்டேயே குவளையைத் தந்திருப்பா."

"கேக்கத்தான் போனனான். ஒருத்தரும் இல்லை. வெக்கமாக் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்திட்டன்." கண்ணைத் துடைத்தாள். "எந்தப் பியர் எண்டு அவர் எழுதேல்லை. கடையில முப்பது வகை கிடக்கு. ஒண்டும் வாங்காம வந்திட்டன்."

சாரங்கி ஸ்ரான்லியைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தாள்.

12.45. ஸ்ரான்லி இரண்டு போத்தலோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். ஒன்றும் கேட்காமல் குவளையைச் சரித்துப் பிடித்து, நுரை பொங்காமல் ஊற்றினார். மூவரும் வெளியே வந்து, செத்தவர் சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு இருந்தார்கள்.

"அவர் அங்க என்ன கதைக்கிறவர், ஸ்ரான்லி?"

"ஒண்டும் கதைக்கமாட்டார், அக்கா. சும்மா இருப்பார்."

"வீட்டிலயும் அப்பிடித்தான்," என்றாள் அவள். "நான்தான் ஏன், ஏன் எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறனான்."

சாரங்கி குசினிக்குள் போய்க் கைபேசியில் பென்டேக்கு எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் பென்டே மூக்கை உறிஞ்சினாள்.

"ஸ்ரான்லியிடம் நான் மன்னிப்புக் கேட்கவேண்டும். அந்தப் பெண்ணையும் ஐந்து மணிக்கு வரச் சொல். குவளையை அவளே கொண்டுவரட்டும்."

சாரங்கி வந்து சொன்னாள். மனோரஞ்சிதம் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவர் ஒருநாளும் என்னை வா எண்டு கேக்கேல்லை, பிள்ளை."

"கேட்டிருந்தா வந்திருப்பியளோ, அக்கா?"

அவள் நன்றாக யோசித்தாள்.

"மாட்டன்," என்றாள். "ஆனாக் கேட்டிருக்கலாம்."