இரண்டாவது பள்ளம்

ஓர் இரைச்சலுக்கு ஒரு பள்ளந்தான் விழவேண்டும். திரையிலோ இரண்டு விழுந்திருந்தன.

சன்னலற்ற சோதனை அறைக்குள் நான்கு ஆண்டெனாக்கள் நிரையாக நின்றன. வேண்டிய குரலை மட்டும் ஏற்று, இடையூறு வரும் திசைக்குத் தாமாகவே செவிடாகிவிடுவது அவற்றின் வேலை. செவிடான திசை, திரையிலுள்ள வட்டத்தில் பள்ளமாகத் தெரியும். குரலுக்கு மிக அருகில் வைத்த இடையூற்றையும் அவை அடக்குமா என்பதே அன்றைய சோதனை. தங்கை, சட்டையில் கம்பியில்லா மைக்குடன் இரைச்சல் பெட்டியருகே உள்ளே நின்றாள். அக்காள் வெளியே கணினியின் முன் அமர்ந்து, ஒலிபெருக்கி வழியே அவளோடு பேசினாள். தான் அழைத்ததும் முதலில் எத்திசையிலிருந்து பதில் வருகிறதோ, அதையே தங்கையின் திசையென்று பூட்டி, மற்றவற்றை இடையூறாக விட்டுவிடுவது அக்காளின் வழக்கம். இன்றும் அப்படியே செய்திருந்தாள்.

"உள்ள போன் கீன் கொண்டு போயிட்டியாடி?"

"இல்லக்கா. உன் கணக்குலதான் ஓட்டை இருக்கும்."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. பெட்டிய அணை."

பெட்டி அணைந்தது. ஒரு பள்ளம் மறைந்தது, மற்றது மறையவில்லை.

தரைமுதல் கூரைவரை கரிய நுரைக்கூம்புகள் பதித்த அவ்வறையில், பேசிய சொல் வாயைவிட்டு நீங்கியவுடன் சுவரில் புதைந்து மாண்டுபோகும் என்பதையும், உள்ளே நெடுநேரம் நிற்பவர்க்குத் தம் நெஞ்சின் துடிப்பே பிறர் காலடிபோல் கேட்கும் என்பதையும் அக்காள் அறிவாள். எஞ்சிய பள்ளம் மெல்ல நகர்ந்தது. ஆண்டெனாக்களைச் சுற்றியது. கதவுப்பக்கம் வந்து நடுங்கியது.

"ஏதோ நகருதுடி. பின்னாடி பாரு."

"ஒண்ணுமில்லக்கா. பசிக்குது, வந்துடறேன்."

கனத்த கதவு ஓராள் நுழையுமளவு திறந்து மூடிற்று. தங்கை வந்து அருகில் அமர்ந்தாள். நுரையின் ரப்பர் நெடியும் உடன் வந்தது.

பள்ளம் கதவருகிலேயே இருந்தது.

அக்காள் இடையூற்றை அடக்கும் விசையை அணைத்தாள். ஒலிபெருக்கி சீறியது. பிறகு, தங்கையின் குரல்.

"அக்கா, அரை மணி நேரமா கத்துறேன். உனக்குப் பதில் சொல்றது நானில்லக்கா. அது வெளிய வந்துடுச்சு. கிட்டப் போகாத."

அக்காள் திரும்பவில்லை. திரும்ப இயலவில்லை. பக்கத்தில் மூச்சின் ஓசை இல்லை. ஒரு கை நீண்டது. தங்கையின் கைதான். விசையை அழுத்திற்று. குரல் நின்றது.

"வெறும் இரைச்சல்க்கா."

கதவருகே பள்ளம் துடித்தது. வட்டத்தின் விளிம்பில் இன்னொன்று. அக்காளின் நாற்காலி இருந்த திசையில். மெல்ல ஆழ்ந்தது.

அக்காள் அலறினாள்.

அவள் செவியிலேயே அது விழவில்லை.