காலி அறையின் சத்தம்

நாங்கள் அந்த வீட்டுக்குக் குடி வந்ததே பின்பக்க அறைக்காகத்தான். அதில் ஜன்னல் கிடையாது, தெருச் சத்தம் எட்டாது. கதவைச் சாத்தினால் காதில் பஞ்சை அடைத்த மாதிரி இருக்கும். பாட்டைப் பதிவு செய்ய இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காதான் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள யாரோ மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கிற மாதிரி இருக்குடி."

"நான்தான் நிக்கிறேன், இந்த ஸ்பீக்கரைத் தூக்கிட்டு. வழிய விடு."

சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

அக்கா பாட்டு டீச்சர். அவள் தொண்டையால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. நாற்பது வயதில் முதன்முறையாகத் தன் பெயரில் ஒரு பாட்டைப் பாடியிருந்தாள். பதிவு, குரலையும் வாத்தியங்களையும் கலக்கும் மிக்ஸிங் எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான். கடைசி மெருகேற்றும் மாஸ்டரிங் வேலை மட்டும் வெளியே ஒருவரிடம். அவர் போனில் கறாராகச் சொல்லியிருந்தார்.

"சத்தம் எகிறாம அமுக்குற அந்த லிமிட்டரை எடுத்துடும்மா. சத்தத்தை இறக்கி அனுப்பு. பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் அமைதி விட்டு வை."

அந்த அமைதியில்தான் நான் என் அதிகப்பிரசங்கித்தனத்தைக் காட்டினேன். வெறுமையாக விட்டால் பாட்டு சட்டென்று வெட்டுப்பட்டது போலக் கேட்கும். அதனால் ஆளில்லாத பின்னறையில் மைக்கை மட்டும் வைத்து, கதவைச் சாத்தி, அறையின் நிசப்தத்தையே பதிவு செய்தேன். அதைப் பாட்டின் முழு நீளத்துக்கும் அடியில் விரித்தேன். அக்காவின் குரல் அதன்மேல் அழகாக உட்கார்ந்தது.

மறுநாள் மதியம், அக்கா கூடத்தில் பாடிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பின்னறையில் மிக்ஸை ஒரே கோப்பாக வெளியே எடுத்தேன். அனுப்பும் முன் எப்போதும் ஒரு சோதனை செய்வேன். அந்தக் கோப்பின் அலையைத் தலைகீழாகப் புரட்டி, மிக்ஸோடு சேர்த்து ஓட்டுவேன். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஹெட்போனில் எதுவும் கேட்கக் கூடாது.

கேட்டது.

மூச்சு. வெகுநேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை யாரோ மெல்ல விடுவது போல.

ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி கோப்பை எடுத்துச் சோதித்தேன். இந்த முறை மூச்சோடு அக்காவின் குரலும் வந்தது. சொற்கள் இல்லை. பேச்சுப் பழகும் குழந்தை போல ஒவ்வொரு ஒலியாக உருட்டிப் பார்த்தது. கோப்பை மட்டும் தனியாகப் போட்டுக் கேட்டேன். அதில் அக்காவின் குரல் பாதியாக மெலிந்திருந்தது.

கூடத்தில் இருமல் சத்தம்.

"தொண்டை என்னமோ கட்டுதுடி," என்றாள் அக்கா. அந்தக் கரகரப்பை நான் அவளிடம் கேட்டதே இல்லை.

அறையின் நிசப்தத்தைப் பதிவு செய்த அந்தத் தடத்தை அடியோடு அழித்தேன். மூன்றாவது முறையாகக் கோப்பை எடுத்தேன். அதில் வாத்தியங்கள் மட்டும் இருந்தன. அக்கா இல்லை.

சோதனையை ஓட்டினேன்.

முழுப் பாட்டும் அக்காவின் குரலில் பிசிறில்லாமல் கேட்டது. அக்கா ஒருநாளும் இவ்வளவு நன்றாகப் பாடியதில்லை.

பாட்டு முடிந்தது. குரல் நிற்கவில்லை.

"குட்டி," என்று கிசுகிசுத்தது.

என்னை அப்படிக் கூப்பிடுவது அக்கா மட்டும்தான்.

ஹெட்போனை வீசிவிட்டு, எல்லா ஒயர்களையும் சுவரிலிருந்து பிடுங்கினேன். திரை இருண்டது. ஸ்பீக்கர் விளக்குகள் அணைந்தன. கூடத்துக்கு ஓடினேன்.

அக்கா கழுத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள், கழுத்து நரம்பு புடைக்க. அவள் கண்களில் இருந்த பயத்தை என்னால் தாங்க முடியவில்லை.

அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஏதாவது பேசுக்கா. ஒரே ஒரு வார்த்தை. உன்னைக் கெஞ்சிக் கேக்கிறேன்."

அவள் அழுதுகொண்டே தலையை ஆட்டினாள். உதடுகள் இறுக மூடியிருந்தன.

பின்னறையிலிருந்து அவள் குரல் கணீரென்று வந்தது.

"அவளை ஏன்டி கேக்குற? நான்தானே உன் அக்கா."