அழுத வாத்தும் பன்னிரண்டு முயல்களும்

எங்கள் வீட்டில் நான்கு பேர். நான்கு பேருக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்ல வராது.

அப்பா பேருந்து ஓட்டுநர். யாராவது ஓடிவந்தால் வண்டியை நிறுத்திவிடுவார். ஒருநாள் காலையில் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அப்பா நிறுத்தி, கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். அவரோ பேருந்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருந்தார். உடம்பைக் குறைக்க ஓடுகிறவராம்.

அம்மா தையல் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். முன்னறைதான் அவருடைய பட்டறை. “இன்னைக்கே வேணும்” என்று யார் வந்து நின்றாலும், “வெச்சுட்டுப் போங்க” என்பார்.

அண்ணனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாடத் தெரியாது. ஆனாலும் யாரோ கூப்பிட்டார்கள் என்று பள்ளிப் பாட்டுக் குழுவில் சேர்ந்துவிட்டு, வாரா வாரம் வாயை மட்டும் அசைத்துவிட்டு வருகிறான்.

இப்படிப்பட்ட வீட்டுக் கணினியில்தான் அந்த வாத்து வந்து உட்கார்ந்தது.

போன மாதம் ஒரு காலையில் இணையத்தைத் திறந்தால், எப்போதும் வரும் தேடுபொறியைக் காணோம். அந்த இடத்தில் தொப்பி போட்ட ஒரு மஞ்சள் வாத்து. ‘வணக்கம். இனி உங்களுக்கு நானே தேடித் தருவேன்’ என்றது. நாங்கள் யாரும் கேட்கவில்லை. அது ஒழுங்காகத் தேடித் தரவும் இல்லை. ஊசி என்று தட்டினால் குடை வரும். நூல் என்று தட்டினால் மெத்தை வரும். எதைக் கேட்டாலும் முதல் இருபது வரி விளம்பரம்தான்.

யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வந்த விருந்தாளியைப் போகச் சொல்ல முடியாதவர்கள்போல எல்லோரும் அனுசரித்துப் போனோம்.

சனிக்கிழமை மதியம் அடுத்த தெருவிலிருந்து தையல்கார அக்கா வந்தார். கனமான பழைய இயந்திரத்தை இடுப்பில் ஏற்றித் தூக்கி வந்திருந்தார்.

“அக்கா, தையல் விட்டு விட்டு விழுது. நாளைக்குக் காலைல ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க நாடகம். மொத்தம் பன்னெண்டு முயல். உடம்பு தெச்சுட்டேன். ஒண்ணுக்கும் காது இல்ல, வாலு இல்ல.”

“உக்காருங்க, பார்க்கிறேன்” என்றார் அம்மா. அக்கா உட்காரவில்லை.

அம்மா இயந்திரத்தைச் சாய்த்து, அடியில் விளக்கைப் பிடித்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். “கொக்கி நழுவியிருக்கு. ஊசி கீழ வந்து திரும்புற நேரத்துல கொக்கி வந்து நூலைப் பிடிக்கணும். இது ஊசி மேல போனப்புறம் ஆடி அசைஞ்சு வருது.”

“சரி பண்ணிடலாமாக்கா?”

“பண்ணலாம். ஆனா இந்த மாதிரி மெஷினை நான் திறந்ததே இல்ல. கொக்கியை எந்தக் கோட்டுக்கு நேரா வைக்கணும்னு படம் பார்க்கணும். குத்துமதிப்பா வெச்சா ஊசி உடையும்.”

அம்மாவிடமும் அப்பாவிடமும் இருப்பது பட்டன் போன். அக்கா அவசரத்தில் தன் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதனால் அண்ணன் கணினி முன்னால் உட்கார்ந்து, இயந்திரத்தின் எண்ணைத் தட்டினான். வாத்து உற்சாகமாகச் செருப்பு, நீச்சல் வளையம், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாவற்றையும் காட்டியது.

“இன்னும் கீழ போ” என்றார் அம்மா.

“இதுக்கும் கீழ போனா தரைதாம்மா.”

“தள்ளு, நான் பார்க்கிறேன்” என்று நான் நாற்காலியில் ஏறிக்கொண்டேன்.

அமைப்புகள் பக்கத்தில் தேடுபொறி என்று ஓர் இடம் இருந்தது. வாத்தை நீக்கிவிட்டு எங்கள் பழைய தேடுபொறியைத் தேர்ந்தெடுத்தேன். மூடித் திறந்தேன். வாத்து தொப்பியைக் கழற்றி மறுபடி வணக்கம் வைத்தது. திரும்பவும் மாற்றினேன். அது திரும்பவும் வந்தது.

நூல் அறுந்தால் அம்மா அறுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார். நூல்கண்டிலிருந்து தொடங்கி, நூல் போகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வருவார். நானும் அப்படிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். வாத்து தானாக வராது. பின்னாலிருந்து ஏதோ ஒன்று அதைக் கொண்டுவந்து வைக்கிறது.

கணினியில் ஏற்றியிருக்கும் செயலிகளின் பட்டியலைத் திறந்து, தேதிப்படி வரிசைப்படுத்தினேன். ‘வாத்து உதவியாளர்’ என்று ஒன்று இருந்தது. அதே தேதியில், அதே நிமிடத்தில் இன்னொன்றும் இருந்தது. என்னுடைய ஸ்டிக்கர் பெட்டி.

 படங்களில் ஒட்டி விளையாட இலவசமாகக் கிடைக்கிறதே என்று இறக்கியது நான்தான். அது என்னென்னவோ கேட்டது. நான் ஒரு வரியும் படிக்காமல் அடுத்து, அடுத்து, சரி என்று அழுத்திக்கொண்டே போனேன். அதில் ஒரு கேள்வி வாத்துடையதாக இருந்திருக்கும்.

வாயைத் திறக்காமல் எடுத்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வாலில்லாத பன்னிரண்டு முயல்களுக்கு நான்தான் காரணமோ என்று நினைத்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

“அம்மா, இதை உள்ள விட்டது நான்தான். ஸ்டிக்கர் இறக்குறப்ப படிக்காம சரி சரின்னு அழுத்திட்டேன்.”

அம்மா என்னைப் பார்த்தார். “அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப அதை வெளிய அனுப்பு.”

‘அகற்று’ என்பதை அழுத்தினேன். திரை முழுக்க வாத்து வந்தது. கண்ணில் பெரிய நீர்த்துளி. ‘என்னைப் போகச் சொல்கிறீர்களா? நான் என்ன தவறு செய்தேன்?’ என்று கேட்டது. கீழே பச்சை நிறத்தில் பெரிய பொத்தான்: ‘இல்லை, நீ இரு.’ அதற்கும் கீழே, சாம்பல் நிறத்தில் எறும்பளவு எழுத்தில் ‘அகற்று.’

என் கை நின்றுவிட்டது.

“இங்கதான் நானும் போன வாரம் மாட்டிக்கிட்டேன்” என்றான் அண்ணன்.

“நீ எதை அழுத்துன?”

“பச்சையை. பாவமா இருந்துச்சு.”

அம்மா தொண்டையைச் செருமினார். “நானும்தான். செவ்வாய்க்கிழமை.”

சாப்பிட வந்திருந்த அப்பா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். “யாரு, அந்த வாத்தா? நான் ரெண்டு தடவை போகச் சொல்லப் பார்த்தேன். அது முகத்தைப் பார்த்ததும் மனசு வரல.”

எல்லோரும் சிரித்துவிட்டோம். தையல்கார அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த, ஊசி குத்தி வைக்கும் பஞ்சைத் திருகிக்கொண்டே கதவோரம் நின்றார். கண் சிவந்திருந்தது. சீக்கிரம் பாருங்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை. அவரும் எங்களைப் போன்றவர்தான்போல.

நான் வாத்தின் கண்ணீரை மறுபடி உற்றுப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த துளி. என் ஸ்டிக்கர் பெட்டியில் நான்காவது வரிசையில் இருப்பது. போன வாரம் நானே அதை ஒரு யானைக்கு ஒட்டியிருந்தேன். அந்த யானைக்கு ஒரு கவலையும் கிடையாது.

“இது அழல. யாரோ ஒட்டி வெச்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டு, சாம்பல் எழுத்தை அழுத்தினேன்.

‘நிஜமாகவா?’ என்றது. அழுத்தினேன். ‘இன்னும் ஒரு மாதம் மட்டும்?’ என்றது. அழுத்தினேன். ‘காரணத்தை எழுதுங்கள்’ என்று ஒரு கட்டம் வந்தது. அண்ணன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ‘அன்புள்ள வாத்துக்கு, நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கிவிட்டான். அம்மா அவன் கையை எடுத்துவிட்டார். நான் அந்தக் கட்டத்தை மூடினேன். வாத்து திரையிலிருந்து மறைந்தது.

பிறகு அமைப்புகளுக்குப் போய்ப் பழைய தேடுபொறியைத் தேர்ந்தெடுத்தேன். அங்கிருந்த தேடுபொறிப் பட்டியலிலிருந்து வாத்தின் பெயரையும் அழித்தேன். கணினியை அணைத்துப் போட்டேன். அது எழுந்து வரக் காத்திருந்தோம்.

வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரே ஒரு கட்டம். எண்ணைத் தட்டினேன். முதல் வரியிலேயே படம் வந்தது.

அம்மா படத்தைப் பார்த்தபடி ஒரு திருகைத் தளர்த்தினார். கொக்கியின் முனையை படத்தில் காட்டிய கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, திருகை இறுக்கினார். நூல் கோத்து, ஒரு துண்டுத் துணியை வைத்து ஓட்டினார். அக்கா அந்தத் துணியை வாங்கி, தையல்மேல் நகத்தால் தடவிப் பார்த்தார். ஒரு தையல்கூட விடவில்லை.

“எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலக்கா.”

“ஒண்ணும் சொல்ல வேணாம். போய் வாலைத் தைங்க” என்றார் அம்மா. அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவோடு நடந்தார்.

அவர்கள் போன பிறகு அம்மா என் பக்கம் திரும்பினார். “இனிமே எதையாவது இறக்கணும்னா?”

“படிச்சுட்டு அழுத்துறேன்.”

“என்னையும் கூப்பிடு. உங்க அப்பாவை மட்டும் கூப்பிடாத.”

மறுநாள் காலையில் நாங்கள் நால்வரும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு முயல்கள் மேடைக்கு வந்தன. இரண்டு முட்டிக்கொண்டன. ஒன்று தடுக்கி விழுந்து எழுந்தது. இன்னொன்று பாதிப் பாட்டில் தன் அம்மாவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே நின்றுவிட்டது. மற்றவை குதி குதியென்று குதித்தன. கடைசிவரை ஒரு வால்கூடக் கழன்று விழவில்லை.