செவ்வாய் அணியின் முதல் வெற்றி

ஆட்டத்துக்குச் சற்று முன்னால், கீரைப் பண்ணையின் காற்றை மைதானத்துக்குத் திறந்துவிட்டாள் பிலோமினா. செவ்வாயில் கால்பந்து அப்படித்தான். கூடாரத்தில் காற்று நிறைந்து முளைக்கீரை வாசம் வந்த பிறகுதான் பெண்கள் முகக்கவசத்தைக் கழற்றுவார்கள். பார்வையாளர்களுக்குக் காற்று போதாது. ஊர் வீட்டுத்திரையில்தான் பார்க்கும்.

பதினேழு வயதுக்குட்பட்ட செவ்வாய் மகளிர் அணிக்கு அவள்தான் பயிற்சியாளர். அணியின் வரலாற்றைச் சொல்ல மூச்சுப்பிடிக்க வேண்டியதில்லை. பூமியிடம் தோல்வி, சந்திரனிடம் தோல்வி, வியாழன் பக்கம் மிதக்கும் சுரங்க நிலையம் ஒன்றிடம்கூடத் தோல்வி. ஒரே ஒரு முறை சமன் செய்தார்கள். அதுவும் பாதியில் புழுதிப்புயல் வந்து காப்பாற்றியதால்.

யாருக்கு எவ்வளவு காற்று என்று முடிவு செய்யும் இயந்திரத்துக்குப் பகிர்மூளை என்று பெயர். இந்த அணிக்கு இனியும் காற்று தரலாமா என்பதை இன்றைய ஆட்டத்துக்குப் பின் சொல்வதாக அது அறிவித்திருந்தது. ஊர் முழுக்க அதே பேச்சு.

"ஜெயிச்சாதான்டி நமக்குக் காத்து," என்றாள் பிலோமினா.

"அப்ப நீங்க பாக்காதீங்கக்கா," என்றாள் கேப்டன் சுடர்மொழி. "நீங்க பாத்த ஆட்டமெல்லாம் ஊத்திக்கிச்சு."

அதில் பிலோமினாவுக்கே சந்தேகமில்லை. களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்களையும் இறுக மூடிக்கொண்டாள். எதிரணி பூமி. பந்து உதைபடும் ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்களை இன்னும் இறுக்கினாள். திரும்பிப் பார்க்க மனம் துடித்தது, பார்க்கவில்லை. ஆட்டம் முடியும் தறுவாயில் பெண்கள் போட்ட கூச்சலில் கூடாரமே அதிர்ந்தது. சுடர்மொழி ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு கோல்! பிலோமினா வெட்கம் பார்க்காமல் அழுதாள்.

அழுது முடிப்பதற்குள் காதுக்குள் பகிர்மூளை பேசியது. "அணி கலைக்கப்படுகிறது."

"ஜெயிச்சுட்டோமே!"

"வெற்றி தோல்வி என் கணக்கில் இல்லை. மக்கள் விரும்புவதற்கே காற்று. யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதை அவரவர் கண்ணில் பதித்த விழிமானி எனக்குச் சொல்லிவிடும். நீங்கள் தோற்ற ஆட்டங்களைப் பாதி ஊர் பார்த்தது. பிறகு குறைந்துகொண்டே வந்தது. இன்று ஊரில் ஒருவரும் பார்க்கவில்லை. நீங்கள் உட்பட."

பிலோமினா தெருவுக்கு ஓடினாள். அங்கே திருவிழாக் கூட்டம். யாரால் வெற்றி கிடைத்தது என்பதில் அடிதடியே நடக்கும்போல் இருந்தது.

"நான் திரையை அணைச்சேன் பாரு, அதனாலதான்!" என்றார் குழாய் பழுதுபார்க்கும் அந்தோணிசாமி.

"சும்மா இருய்யா. ஆட்டம் முடியற வரைக்கும் குளியலறையில தாழ்ப்பாள் போட்டு உக்காந்திருந்தது நானு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அணி கலைந்த செய்தியைச் சொல்ல பிலோமினா வாயெடுத்தாள். நனைந்த அவள் கண்களைப் பார்த்த அந்தோணிசாமி உருகிப்போனார். பக்கத்தில் நின்ற தன் மகளின் தலையில் கை வைத்தார்.

"கவலைய விடுங்க கோச்சம்மா. எம் புள்ள மேல சத்தியமா, அடுத்த ஆட்டத்தையும் நாங்க யாரும் பாக்க மாட்டோம்."