தலைச்சுழி

பார்பரா ஓடிக்கொண்டிருந்தாள்.

பாவாடையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்தபடி, மீன் சந்தைக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நவம்பர் மாத மூடுபனியில் நூரம்பெர்க்கின் கோபுரங்கள் பாதிக்கு மேல் காணாமல் போயிருந்தன. மாதா கோயிலில் மூன்று மணி அடித்தால் குதிரைத் தபால் கிளம்பிவிடும். அந்தத் தபால் பையில் உல்ம் நகரத்துக்குப் போகும் கடிதம் ஒன்று இருந்தது. நேற்று மாலை அவள் எழுதியது. இன்று காலை அவளே கொண்டுபோய்க் கொடுத்தது.

அது உல்ம் போய்ச் சேர்ந்தால் அங்கே ஒரு குழந்தை செத்துப்போகும்.

அரைமணி நேரத்துக்கு முன்பு வாசற்கதவின் அடியில் கிடந்த துண்டுத்தாள் இன்னும் அவள் கையில் கசங்கியிருந்தது. அதில் இரண்டே வரி.

"உல்ம் கடிதத்தில் ஒரு சுழி அதிகம். எனக்கு எழுதியதிலும்."

பிரெஸ்லாவ் நகரத்துப் பள்ளி ஆசிரியர் காஸ்பர் லிண்ட்னரின் கையெழுத்து. பிரெஸ்லாவிலிருந்து நூரம்பெர்க்குக்குக் கடிதம் வர ஒன்பது நாளாகும்.

உல்ம் கடிதம் எழுதி ஒரு நாள்கூட ஆகவில்லை.

"என்னம்மா, டாக்டர் வீட்டுல தீப்பிடிச்சுக்கிச்சா?" தபால் நிலைய வாசலில் ஊட்ஸ் சேணத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஊட்ஸ் அண்ணே, காலையில குடுத்த உல்ம் கடிதத்தத் திருப்பிக் குடுங்க."

"பூட்டுன பையிலேருந்தா? காதல் கடிதம்னா சொல்லு, குதிரையவே நிறுத்தறேன். உங்கப்பாவோட நத்தை ஓட்டு சமாசாரத்துக்கெல்லாம் பையத் தொறக்க முடியாது."

"மருந்த தப்பா எழுதிட்டேண்ணே. குழந்தைக்குக் குடுக்கற மருந்து."

ஊட்ஸின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. பூட்டைத் திறந்தார்.

நகத்தால் மெழுகைப் பெயர்த்து, குதிரையின் முதுகிலேயே தாளை விரித்தாள். ஐந்தாவது வரியில் அபின் பாகு. டிராம் என்ற எடைக்கு மருத்துவர்கள் போடும் குறி 3 என்ற எண்ணைப் போல இருக்கும். அதன் தலையில் ஒரு சுழி கூடினால் அது அவுன்ஸ். எட்டு மடங்கு.

அப்பா டிராம் என்றுதான் சொல்லியிருந்தார். அவள் எழுதிய குறியின் தலையில், மயிரிழைபோல மெல்லியதாக, ஒரு சுழி இருந்தது.

அழகுக்காகப் போட்டது.

இடுப்பிலிருந்த பேனாக்கத்தியால் அதைச் சுரண்டினாள். தாள் கிழியும்வரை சுரண்டினாள். பிறகு பக்கத்தில் 'டிராம்' என்று எழுத்தாலும் எழுதினாள்.

"இத்துனூண்டு சுழிக்கா இந்த ஓட்டம்?" ஊட்ஸ் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "எனக்கு எல்லாம் கோழி கிறுக்குன மாதிரிதான் தெரியுது."

"மருந்துக்கடைக்காரனுக்கு அப்படித் தெரியாதுண்ணே."

மெழுகை உருக்கி மறுபடி ஒட்டிக் கொடுத்தாள். போகத் திரும்பியவள் நின்றாள். கேட்கக் கூடாது என்று ஐந்து வாரமாக நாக்கைக் கடித்துக்கொண்டிருந்த கேள்வி.

"அண்ணே, பிரெஸ்லாவ் கடிதத்தயெல்லாம் எங்க வீட்டுல கொண்டுவந்து போடறது யாரு?"

"பிரெஸ்லாவா?" ஊட்ஸ் அவளை ஒருமாதிரியாகப் பார்த்தார். "அந்தப் பக்கம் வெள்ளத்துல பாலம் அடிச்சிட்டுப் போயி அஞ்சு வாரமாச்சேம்மா. ஒரு காகிதம் வரல."

மாதா கோயிலில் மூன்று அடித்தது. குதிரை மூடுபனிக்குள் போய் மறைந்தது.

ஐந்து வாரம். இன்று வந்த துண்டுத்தாளோடு சேர்த்து ஐந்து கடிதங்கள்.

*

டாக்டர் யோப்ஸ்ட் கெல்னருக்குக் கண்ணில் திரை விழுந்து நான்கு வருடமாகிறது. அதிலிருந்து மகள்தான் அவருக்குக் கண்ணும் கையும். பொலோனாவிலிருந்து விதைகள் வரும், லைடனிலிருந்து சங்குகள் வரும், பாசெலிலிருந்து கல்லாகிப்போன மீன்கள் வரும். எல்லாவற்றோடும் கடிதம் வரும். வந்த கடிதத்தின் முதுகில் 'பெற்றேன்' என்று எழுதித் தேதி போட வேண்டும். அதன் கீழே 'பதில் எழுதினேன்' என்று எழுதி இடம் விட வேண்டும். பதில் போன அன்று அந்த இடத்தில் தேதி ஏறும். அவரோடு எழுதிக்கொள்ளும் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். லிண்ட்னருக்கும்.

இருபத்திரண்டு வருடப் பழக்கம். இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

பார்பராவின் கையெழுத்தைப் பாராட்டாத ஊரில்லை. ஒவ்வோர் எழுத்தின் தலையிலும் கொடி சுருண்டதுபோல ஒரு சுழி போடுவாள். லிண்ட்னர் ஒருமுறை எழுதியிருந்தார்: "உங்கள் மகளின் கடிதங்களைப் பார்த்துத்தான் என் ரோசினா எழுதப் பழகுகிறாள். ஆறு வயது. அவளும் எல்லா எழுத்துக்கும் தலையில் சுழி போடுகிறாள். வேண்டாம் என்றால் அழுகிறாள்." அந்த வரியை பார்பரா எத்தனை முறை படித்திருப்பாள் என்று அவளுக்கே கணக்கில்லை.

செப்டம்பரில் ரோசினாவுக்கு இருமல். ராத்திரி தூக்கமில்லை என்று எழுதிக் கேட்டார். அப்பா மருந்து சொல்லச் சொல்ல, பார்பரா எழுதினாள்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. புதன்கிழமை தவறாமல். தாளில் ஈரம். தோண்டிப் போட்ட மண்ணின் வாசனை.

"ரோசினா நன்றாகத் தூங்குகிறாள். கால்தான் சில்லென்று இருக்கிறது."

"கஞ்சி குடிக்க எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். என்ன செய்யலாம்?"

"நீங்கள் அனுப்பிய சங்கைக் காதில் வைத்தேன். கடல் கேட்கவில்லையாம்."

"இங்கே விளக்கு இல்லை. ஆனாலும் எழுதப் பழகுகிறாள்."

*

அப்பா கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சோழியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"எங்கடி போயிட்ட? பீர் சூப்பு ஆறிப்போயி மேல ஆடை கட்டிடுச்சு. குருடன் ஒருத்தன் இருக்கானே, அவனுக்கு ரெண்டு வாய் ஊத்திட்டுப் போவோம்னு தோணல."

"தபாலுக்குப்பா. ஒரு எழுத்த சரிபண்ண வேண்டியிருந்தது."

"நீயா? தப்பா எழுதினியா? இத லைடன்காரனுக்கு எழுதணும், நம்பவே மாட்டான்." சிரித்தார். "சரி, இன்னிக்குப் புதன். லிண்ட்னர் எழுதியிருக்கானா?"

கைக்குள் துண்டுத்தாள் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"எழுதியிருக்கார்ப்பா."

"குழந்தை எப்படியிருக்காளாம்?"

"தூங்கறாளாம்."

"நல்லது. தூங்கட்டும்." சோழியை மடியில் வைத்தார். "உனக்கு ஒண்ணு தெரியுமா பார்பரா? அவன் குரல் கட்டையா கீச்சா, குட்டையா நெட்டையா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. ஆனா அவன் கடிதம் வர்ற அன்னிக்கு மட்டும் எனக்குக் கண்ணு தெரியுது. எடு, பேனாவ எடு."

எடுத்தாள்.

"அன்பு நண்பா. செங்கல்லைச் சுடவைத்து, கம்பளித் துணியில் சுற்றி, குழந்தையின் காலடியில் வை. வசந்தம் வரட்டும், அவளை இங்கே அழைத்து வா. என் சங்குகளையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்க்கட்டும்." நிறுத்தினார். "எழுதிட்டியா? உடனே தபால்ல சேத்துடு."

"சரிப்பா."

மெழுகை ஒட்டி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அறைக் கதவைத் தாழிட்டாள். கட்டிலுக்கு அடியிலிருந்த மரப்பெட்டியை இழுத்துப் பூட்டைத் திறந்தாள்.

உள்ளே அப்பா லிண்ட்னருக்குச் சொல்லி எழுதிய கடிதங்கள் நான்கு கிடந்தன. ஒன்றைக்கூட அவள் தபாலில் சேர்த்ததில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் ஐந்தாவது ஒன்று. கறுப்பு மெழுகு ஒட்டியது. பாலம் உடைவதற்கு முந்தின நாள் கடைசியாக வந்த பிரெஸ்லாவ் தபால். லிண்ட்னரின் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தார். அளவைப் பார்த்த மருந்துக்கடைக்காரன் இரண்டு முறை மறுத்தானாம். என் நண்பன் எழுதினால் தப்பாயிருக்காது என்று லிண்ட்னர் சண்டைபோட்டு வாங்கிவந்தாராம். அன்றிரவு தூங்கிய குழந்தை எழுந்திருக்கவில்லை. மிச்சமிருந்த பாகை மூன்றாம் நாள் அவர் குடித்துவிட்டார். இருவரையும் ஒரே குழியில் வைத்தார்களாம்.

அளவு என்ற அந்தச் சொல்லை ஐந்து வாரமாக அவள் தாண்டித் தாண்டிப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குத் தாங்காது என்று சொல்லிக்கொண்டுதான் பெட்டியைப் பூட்டினாள்.

புதுக் கடிதத்தை மேலே வைக்கப் போனவளின் கை நின்றது.

நான்கு கடிதங்களிலும் மெழுகு உடைந்திருந்தது.

மண் வாசனை அறையெல்லாம் நிறைந்தது.

ஒவ்வொன்றாகத் திருப்பினாள். நான்கின் முதுகிலும் லிண்ட்னரின் பொடி எழுத்து. பெற்றேன், தேதி. பதில் எழுதினேன், தேதி.

பார்பரா தரையிலேயே உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து ஒரு தாளை எடுத்தாள். இத்தனை வருடத்தில் தன் பெயரில் அவள் எழுதும் முதல் கடிதம். ஓர் எழுத்துக்கும் சுழி போடவில்லை.

"அப்பா டிராம் என்றுதான் சொன்னார். சுழி என்னுடையது. அவருக்கு ஒன்றும் தெரியாது. பார்பரா."

ஒட்டினாள். பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பூட்டின்மேல் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். கீழே அப்பா தனியாக ஏதோ பாடிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணி அடித்தது. உள்ளே தாள் மடங்கும் ஓசை கேட்டது.

திறந்தாள்.

அவள் கடிதத்தின் மெழுகு உடைந்திருந்தது. துண்டுகளில் இன்னும் சூடு ஆறவில்லை. திருப்பிப் பார்த்தாள்.

பெற்றேன். தேதி. பதில் எழுதினேன். அதற்கு எதிரே தேதிக்கு இடம் விட்டிருந்தது.

லிண்ட்னரின் எழுத்து இல்லை. பெரிய பெரிய கோணல் எழுத்துகள். ஒவ்வொன்றின் தலையிலும், பார்த்துப் பார்த்துப் போட்டதுபோல, ஒரு சுழி.