நடுவில் இல்லாத கோடு

பொன்னியம்மாவின் இரத்தத்தைக் குழாயில் பிடித்து முக்கால் மணி நேரம் ஆகியும் அது உறையவில்லை. ஷரீஃபுன்னிசா குழாயைச் சாய்த்துப் பார்த்தாள். தண்ணீர் மாதிரி நழுவிப் போனது. பூந்தமல்லியின் இந்தப் பிரசவ ஆஸ்பத்திரி லேபில் ஐந்து வருடமாக அவள் பார்த்த இரத்தமெல்லாம் பத்து நிமிடத்தில் கெட்டிப்பட்டுவிடும். இன்னொன்றும் சரியில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த குழாய் உள்ளங்கையில் சுட்டது.

வெளியே ஐப்பசி மழை அடித்தது, மின்வெட்டு வேறு. அரிக்கேன் விளக்கின் மண்ணெண்ணெய் வாடையும் டெட்டால் நெடியும் சேர்ந்து அந்தச் சின்ன அறையில் மூச்சை அடைக்க, பிள்ளை பெற்ற பிறகும் இரத்தப்போக்கு நிற்காமல் பக்கத்து வார்டில் கிடந்த பொன்னியம்மாவின் முனகல் கதவிடுக்கில் நுழைந்து வந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் யாருடைய இரத்தமாவது ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள்.

ஆயா தாயம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, பாத்துகினே கீற? டாக்டரம்மா கத்திகினு கீது."

"கத்தட்டும். என் கையிலயா இருக்கு?"

குழாயைச் சுழற்றும் இயந்திரத்தில் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினாள். இரத்தம் பிரிகிற விதம் அவளுக்கு எப்போதும் பிடிக்கும். மனிதர்களைத்தான் அவ்வளவாகப் பிடிக்காது. அடியில் மூச்சுக்காற்றைச் சுமக்கும் சிவப்பணுக்கள். மேலே மஞ்சள் நீர். இரண்டுக்கும் நடுவே நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களும், காயத்தின் வாயை அடைக்கும் தட்டணுக்களும் அந்தக் கோட்டில்தான் இருக்கும்.

இந்தக் குழாயில் கோடு இல்லை. மறுபடி சுற்றினாள். அப்போதும் இல்லை. காவலும் இல்லை, அடைப்பும் இல்லை. இந்த உடம்பு இன்னும் எப்படி உயிரோடு இருக்கிறது? அவளுக்குப் பயம் வந்தது. பயந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

பொன்னியம்மாவின் புருஷன் துலுக்கானம், அம்பத்தூர்க் கம்பெனியிலிருந்து எண்ணெய்க்கறைச் சட்டையோடு வந்தவன், கையை நீட்டினான். "அவ்ளோத்தியும் எட்துக்கோம்மா."

வெள்ளைப் பீங்கான் ஓட்டில் அவன் இரத்தத்தில் ஒரு சொட்டு விட்டு, பொன்னியம்மாவின் மஞ்சள் நீரைக் கலந்தாள். நொடியில் சிவப்பு ரவையாகத் திரிந்தது. கூட வந்த அவன் தம்பிகள் இருவருடையதும் அப்படியே. கிட்ட வராதே என்று பிடித்துத் தள்ளியது மாதிரி இருந்தது.

"ஒத்துக்கலை."

"கட்னவன் ரத்தம்மா!"

"அதுக்குக் கட்டினவனைத் தெரியாது. வெளியே நில்லுங்க."

சோதனையில் சந்தேகம் வந்தால் தன் இரத்தத்தையே போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். மோதிர விரலில் ஊசியால் குத்தி, ஓட்டில் ஒரு சொட்டு விட்டாள். பக்கத்தில் மஞ்சள் நீர். கலக்கக் குச்சியை எடுத்தாள்.

சொட்டு நகர்ந்தது.

தானாக. மஞ்சள் நீரை நோக்கி. இரண்டும் ஒன்றாகி வழவழவென்று பரவின. ஒரு துணுக்குகூடத் திரியவில்லை.

ஒத்துப்போயிற்று. பொன்னியம்மா பிழைத்துக்கொள்வாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் அவள் விரலில் இரத்தம் நிற்கவில்லை.

பஞ்சை வைத்து அழுத்தினாள். ஊசிக்குத்து மூன்று நிமிடத்தில் அடைபட வேண்டும். ஐந்து நிமிடம் ஆயிற்று. பஞ்சு நனைந்து கனத்தது. துணியை இறுக்கிக் கட்டினாள். துணிக்கு அடியிலிருந்து வந்தது. மேசை விளிம்பு. தரை.

அறையின் தரை, மூலையிலிருந்த தண்ணீர்ப் போக்கியை நோக்கிச் சரிந்தது. இரத்தம் அந்தப் பக்கம் போகவில்லை. கதவுக்குப் போனது. நிலைப்படியில் ஏறியது. வார்டுப் பக்கம் இறங்கியது.

எழ முயன்றாள். மேசையைப் பிடித்தும் முடியவில்லை. கூப்பிட வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஆபத்தில் ஓதும் துஆகூட நினைவில் வரவில்லை. குளிர். விரல் நுனியிலிருந்து தோள்வரை குளிர்.

வார்டில் தாயம்மா கூவினாள். "டாக்டரம்மா! ஓடியாங்க! பொன்னிக்கு ஒதடு செவக்குது! யாரு பாட்டில் ஏத்துனது?"

"எந்தப் பாட்டில்?" என்றது டாக்டரம்மாவின் குரல்.

வராந்தாவில் துலுக்கானம் சந்தோஷத்தில் ஓவென்று அழுதான்.

ஷரீஃபுன்னிசா தரையைப் பார்த்தாள். விரலிலிருந்து நிலைப்படிவரை சிவப்புக் கயிறு. அறுபடாமல். துடித்துக்கொண்டு. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். அவள் இதயம் தாறுமாறாக அடித்தது.

கயிறு நிதானமாகத் துடித்தது. நன்றாகத் தூங்குகிற யாருடைய நாடியோ போல.